வேக்கும் அண்ணன் மூடாமல் விட்ட ஜன்னல்

கோலாலம்பூரில் குப்பைக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த மனிதர் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. இதை நான் எந்தச் சபையிலும் எழுந்து நின்று சொல்வேன். குப்பை என்று நாம் வாய் தவறிச் சொன்னால்கூட அவர் முகம் சுருங்கிவிடும். “குப்பைன்னு சொல்லாதம்மா. பழைய வரி. நேத்து வரைக்கும் அதுதான் உண்மை” என்பார்.

அவர் பெயர் எங்களுக்குத் தெரியாது. சம்பளப் பட்டியலில் ஏதாவது இருந்திருக்கும். அதைச் சொல்லி யாரும் அவரை அழைத்ததில்லை. வேக்கும் அண்ணன். அவ்வளவுதான். தரவுத்தளத்தில் பழைய வரிகளைத் துடைத்தெடுக்கும் கட்டளைக்கு வேக்கும் என்றுதான் பெயர், நாளெல்லாம் அவர் வாயில் அந்தச் சொல்தான் புரளும். ஒருமுறை புதிதாக வந்த கூரியர்காரர், பார்சல் மேல் ‘வேக்கும் அண்ணன்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, தன் வீட்டு வேக்கும் கிளீனர் சரியாக இழுப்பதில்லை, ரிப்பேருக்கு எவ்வளவு கேட்பீர்கள் என்று அவரிடமே விசாரித்தார். அண்ணன் கோபப்படவில்லை. மறுநாள் கொண்டுவரச் சொன்னார். பான்ட்ரி மேசையில் அதைப் பிரித்துப் போட்டு, உள்ளே சிக்கியிருந்த காலுறையை எடுத்துக் கையில் கொடுத்து அனுப்பினார்.

எங்கள் அலுவலகம் பிரிக்பீல்ட்ஸில், ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்தது. காலை பதினோரு மணிக்கே ரசவாசனை படியேறி வந்துவிடும். டயாலிசிஸ் சென்டர்களுக்கு மென்பொருள் செய்து கொடுப்பது எங்கள் தொழில். கிள்ளான், செராஸ், சாலாக் செலாத்தான், டெங்கில் என்று எங்கெங்கோ இருந்த சென்டர்களில் எந்த நோயாளி எந்த நாள், எந்த ஷிஃப்ட், எந்த நாற்காலி, உடம்பிலிருந்து எவ்வளவு தண்ணீர் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் எங்கள் தரவுத்தளத்தில்தான் இருந்தது. நான் போன் எடுப்பவள். ‘சிஸ்டம் நகர மாட்டேங்குது’ என்று யார் கத்தினாலும் முதலில் என் காதில்தான் விழும்.

வேக்கும் அண்ணனின் இடம் பான்ட்ரிக்குப் பக்கத்தில், சர்வர் இருந்த கண்ணாடி அறைக்குள். ஐம்பதைத் தாண்டிய வயது. அங்கே எப்போதும் குளிர் என்பதால் கோலாலம்பூர் வெயிலில் ஸ்வெட்டர் போட்டிருப்பார். கழுத்தில் ஒரு வெள்ளைத் துண்டு. இரண்டும் சேர்ந்து, எங்கிருந்தோ மலையேறப் புறப்பட்டு வழிதவறி எங்கள் மாடிக்கு வந்துவிட்டவர் போல இருப்பார்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கண்ணாடி அறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

“யாரு ஜன்னலைத் திறந்து வெச்சிட்டுப் போனது?”

துப்புரவுப் பணியாளர் ரோஸ் அக்கா, மலாயில் எங்களுக்குக் காக் ரோஸ், பதறியடித்து ஓடி, மாடியில் இருந்த எல்லா ஜன்னல்களையும் இழுத்துச் சாத்தினார். வேர்த்துக் கொட்டியது. அண்ணன் சொன்னது அந்த ஜன்னலை அல்ல. யாரோ கணினியில் ஒரு ரிப்போர்ட்டைத் திறந்து வைத்துவிட்டு மூடாமல் எழுந்து போயிருக்கிறார்கள். காலை பத்து, மதியம் ஒன்று, மாலை நாலு என்று அண்ணன் ரோந்து வருவார். ஒவ்வொரு மேசையிலும் குனிந்து பார்த்து, “படிச்சு முடிச்சிட்டீங்களா? அப்ப மூடிடுங்க” என்பார். காக் ரோஸ் மட்டும் கடைசிவரை அந்தச் சத்தம் கேட்டால் நிஜ ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் இருந்தார்.

இதில் என்ன குடிமுழுகிப் போகிறது என்று ஒருநாள் அவரிடம் கேட்டேன். அவர் என்னைக் கீழே சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப் போனார். மதியம் பன்னிரண்டரை, நிற்க இடமில்லை.

“அந்த இலை எடுக்குறவரைப் பாரு. கூட்டத்துக்கு நடுவுல புகுந்து எடுத்துக்கிட்டே இருக்கார். கொஞ்சம் இடிக்கும், கொஞ்சம் லேட் ஆகும். இடிக்குதேன்னு நிறுத்தி, மூணு மணிக்கு மொத்தமா எடுக்கலாம்னு விட்டா, இப்ப வர்றவன் எங்க உக்காருவான்?”

“சரிண்ணே. டேட்டாபேஸ்ல எங்க இலை இருக்கு?”

“ஒரு பேஷன்ட்டோட வெயிட்டை மாத்துறல்ல? பழைய வரியை அது அழிக்காதும்மா. புதுசா ஒண்ணு எழுதும், பழசை அப்படியே வெச்சிருக்கும். ஏன்னா அந்த நேரத்துல வேற யாராவது அதைப் படிச்சுக்கிட்டு இருக்கலாம். அவங்க படிச்சு முடிச்சதும் அது சாப்பிட்டு முடிச்ச இலை. நான் எடுக்கணும். எடுக்கலன்னா ஒரு பேரைத் தேட அத்தனை இலையையும் தாண்டிப் போகணும்.”

மூலை மேசையில் ஒருவர் சாப்பிட்டு முடித்தும் எழாமல் போனில் பேசிக்கொண்டிருந்தார். அண்ணன் அவரைக் கண்ணால் காட்டினார்.

“அதான் திறந்து வெச்ச ஜன்னல். இங்க அவர் இலையை மட்டும்தான் எடுக்க முடியாது. டேட்டாபேஸ்ல அவருக்கப்புறம் சாப்பிட்டுப் போன அத்தனை பேர் இலையையும் எடுக்க முடியாது. அவர் கண்ணுக்கு எல்லாரும் இன்னும் உக்காந்திருக்காங்க.”

அதற்குப் பிறகு நான் ஒழுங்காக ஜன்னல்களை மூடினேன். டெங்கில் சென்டர் கிளார்க் மூடவில்லை. மாதாந்திர ரிப்போர்ட்டைத் திறந்து வைத்துவிட்டு மீ கோரேங் சாப்பிடப் போய்விட்டார், போனையும் எடுக்கவில்லை. அண்ணன் நினைத்திருந்தால் ஒரே ஒரு வரி தட்டி, இங்கிருந்தபடியே அந்தத் தொடர்பை அறுத்துவிட்டிருக்கலாம். மாட்டார். “படிச்சுக்கிட்டு இருக்கிறவன் கையிலேர்ந்து பேப்பரைப் பிடுங்குறதா?” என்று கேட்டுவிட்டு, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, கொட்டுகிற மழையில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு டெங்கிலுக்கே போய்விட்டார். சாப்பிட்டுத் திரும்பிய கிளார்க், தன் மேசைக்கு முன்னால் சொட்டச் சொட்ட நின்ற மனிதரைப் பார்த்து அலறியிருக்கிறார்.

“படிச்சு முடிச்சிட்டீங்களா?”

“மு… முடிச்சிட்டேன் அங்கிள்.”

“அப்ப மூடுங்க.”

அவ்வளவுதான். திரும்பி வந்துவிட்டார். டெங்கிலில் அதற்குப் பிறகு எவரும் ஜன்னலைத் திறந்துவைத்ததாக நான் கேள்விப்படவில்லை. சாப்பிடப் போவதையே நிறுத்திவிட்டார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு.

எங்கள் மேனேஜர் மிஸ்டர் குணாவுக்கு இந்த இலையெடுப்பு பிடிக்கவில்லை. பகல் முழுவதும் சுத்தம் ஓடுவதால் ஒவ்வொரு கிளிக்கும் ஒரு கண் சிமிட்டும் நேரம் தாமதமாகும். புதிய வாடிக்கையாளர் ஒருவருக்குச் செய்துகாட்டும்போது அந்தச் சிமிட்டல் அவர் மானத்தை வாங்கிவிட்டதாம்.

“அண்ணே, பகல்ல வேணாம் லா. ஞாயித்துக்கெழமை மட்டும் மொத்தமா பண்ணுங்க.”

“எழுதிக் குடுங்க சார்.”

எழுதிக் கொடுத்தார். முதல் வாரம் சிஸ்டம் பறந்தது. மிஸ்டர் குணா எல்லாருக்கும் கறிபப் வாங்கிக் கொடுத்தார். அண்ணன் இரண்டு சாப்பிட்டு, “நல்லாருக்கு சார். மூணாவது வாரம் பாப்போம்” என்றார். மூன்றாவது வாரம், ஒரு பட்டியலைத் திறக்கச் சொல்லிவிட்டுத் தே தாரிக் கலக்கிக் கொண்டுவந்து குடித்துமுடித்தால், அது பாதி திறந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை தொடங்கிய சுத்தம் முடியாமல் திங்கட்கிழமை முதல் ஷிஃப்ட்டுக்குள் வந்து விழுந்தது. மிஸ்டர் குணா கண்ணாடி அறைக் கதவைத் தள்ளி, தலையை மட்டும் நீட்டி, “பழையபடியே போட்டுடுங்கண்ணே” என்றார். அண்ணன் ஜெயித்த மாதிரி சிரிக்கவில்லை. துண்டால் கீபோர்டைத் துடைத்துவிட்டுப் போட்டார்.

இதையெல்லாம் சொல்லிச் சிரிப்பது எனக்குச் சுலபம். இனிமேல் சொல்லப்போவது அப்படி அல்ல.

என் அப்பா கிள்ளான் சென்டரின் நோயாளி. துறைமுகத்துக்கு லோரி ஓட்டியவர். செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று காலைகள், நான்கு வருடங்கள், ஏழாம் எண் நாற்காலி. அங்கே தலைமை நர்ஸ் சிஸ்டர் பத்மா. வேலை விஷயமாக என்னுடன் போனில் பேசி முடித்ததும், “ஒங்கப்பா இன்னிக்கும் தண்ணி அதிகமா குடிச்சிட்டு வந்திருக்காரு. கேட்டா, சூப்தான் குடிச்சேன்னு சாதிக்கிறாரு” என்று புகார் சொல்லுவார். பின்னாலிருந்து அப்பாவின் குரல் கேட்கும்: “சூப்பு தண்ணியா?”

ஒரு புதன்கிழமை மதியம் அம்மா போன் செய்தார். அப்பா மயங்கி விழுந்துவிட்டார், பக்கத்து வீட்டுக்காரர் மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார், என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று டாக்டர் கேட்பாராம். நான் சப்போர்ட் திரையில் அப்பாவின் பதிவைத் திறந்தேன். மருந்துப் பெயர்களை ஒரு தாளில் எழுத ஆரம்பித்தேன். மூன்றாவது பெயரை எழுதிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது போன் வந்தது. எழுத வேண்டிய அவசியம் போய்விட்டது.

திரையைப் பூட்டிவிட்டு எழுந்தேனாம். எனக்கு நினைவில்லை. டாக்சியில் என்னை ஏற்றிவிட்டது வேக்கும் அண்ணன் என்று காக் ரோஸ் பிறகு சொன்னார்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை வேலைக்குத் திரும்பினேன். கணினியைத் திறந்தால், நான் விட்டுப்போன ஜன்னல் அப்படியே இருந்தது. நிலை: சிகிச்சையில் உள்ளார். அடுத்த வருகை: வியாழன், காலை ஷிஃப்ட், நாற்காலி 7.

அப்பாவின் பதிவைத் தன் கையாலேயே மூடியதாக சிஸ்டர் பத்மா எங்கள் வீட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தார். தரவுத்தளத்தில் அப்பா இறந்து ஒரு வாரமாகிவிட்டது. என் ஜன்னல் மட்டும் அதற்கு முன்னால் திறந்தது. எங்கள் பழைய சப்போர்ட் மென்பொருளில் ஒரு ஜன்னலைத் திறந்தால், அதை மூடும்வரை திறந்த நேரத்தில் இருந்த உலகத்தைத்தான் காட்டும். மறுபடி வாசிக்கச் சொல்லி அழுத்திப் பார்த்தேன். அடுத்த வருகை: வியாழன்.

திறந்து வைப்பது தப்பு என்று தெரிந்துதான் செய்தேன். அதைத் திரையின் அடியில் ஒதுக்கி வைத்துவிட்டு மற்ற வேலையைப் பார்த்தேன். அவ்வப்போது திறந்து பார்ப்பேன். மறுபடி ஒதுக்குவேன். நான் வந்த நாளிலிருந்து வேக்கும் அண்ணன் என் மேசைப் பக்கம் ரோந்து வரவில்லை. எனக்கு அது உறைக்கவும் இல்லை.

அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம் தீபாவளி. டயாலிசிஸ் நோயாளிகள் ஊருக்குப் போவதென்றால் சும்மா கிளம்பிவிட முடியாது. ஒருவர் தன் ஷிஃப்ட்டை மாற்றினால், அவருக்கு இடம்கொடுக்க இன்னும் மூன்று பேரை நகர்த்த வேண்டும். எல்லாச் சென்டர்களிலும் எல்லாரும் நாளை மாற்றினார்கள், பிறகு மகனுக்கு லீவு கிடைக்கவில்லை என்று திரும்பவும் மாற்றினார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு பழைய வரி. அத்தனையும் குவிந்துகொண்டே போயின. அண்ணனின் சுத்தம் பகலெல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒன்றையும் எடுக்க முடியாமல், வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை நான் வந்து உட்கார்ந்ததும் போன் அடித்தது. சிஸ்டர் பத்மா.

“என்னம்மா நடக்குது அங்க? லிஸ்ட் சுத்திக்கிட்டே இருக்கு. முக்கா மணி நேரமாச்சு. பதினாலு பேர் உக்காந்திருக்காங்க. ஒரு பெரியவருக்கு மூச்சு வாங்குது. எவ்வளவு தண்ணி எடுக்கணும்னு தெரியாம நான் எப்படி மெஷினை ஓட்டுவேன்?”

நான் நிமிர்ந்து பார்த்தேன். வேக்கும் அண்ணன் என் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஸ்வெட்டர் இல்லை, துண்டு இல்லை. எப்போதும் என்னை ‘அம்மா’ என்றுதான் கூப்பிடுவார்.

“தங்கச்சி” என்றார். “அப்பா ஜன்னலை மூடணும்மா.”

போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். “ஒங்களுக்குத் தெரியுமாண்ணே?”

“அவர் தவறின மறுநாளே பார்த்தேன். எந்தக் கம்ப்யூட்டர்னு பார்த்தேன், யாரோட பதிவுன்னு பேஷன்ட் நம்பரைப் பார்த்தேன். நீ வந்து மூடுவன்னு விட்டேன். நீ மூடல. சரி, இருக்கட்டும், ரெண்டு வாரம் தாங்கும்னு கணக்குப் போட்டேன். தீபாவளியை அதுல சேர்க்கல. என் தப்பு.”

“அங்கேருந்தே அறுத்து விட்டிருக்கலாமேண்ணே.”

“விட்டிருக்கலாம்” என்றார். பிறகு சொன்னார்: “அரை நிமிஷம் எடுத்துக்க. அதுக்கு மேல கிள்ளானுக்கு நேரமில்ல.”

ஒதுக்கி வைத்திருந்ததை மேலே கொண்டுவந்தேன். சிகிச்சையில் உள்ளார். நாற்காலி 7. மூடப் போனேன். ‘நிச்சயமாக மூடவா?’ என்று மென்பொருள் கேட்டது. அந்தக் கேள்வியை எழுதியவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அண்ணன் திரையைப் பார்க்காமல், சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆமாம் என்று அழுத்தினேன்.

“வா” என்று கண்ணாடி அறைக்கு ஓடினார். நான் போனைக் காதில் வைத்தபடி பின்னால் போனேன். மிஸ்டர் குணா அப்போதுதான் மூச்சிரைக்கப் படியேறி வந்தார்.

“அண்ணே, மொத்தமா கிளீன் பண்ணிடுங்க. ஒரேயடியா முடிச்சிடலாம்.”

“மொத்தமா பண்ணா லிஸ்ட் இருக்குற டேபிளே பூட்டிக்கும் சார். ஒரு மணி நேரம் யாரும் தொட முடியாது. மேலாப்புல எடுத்தா இருபது நிமிஷம். எடுத்த இடமெல்லாம் ஓட்டை ஓட்டையா இருக்கும், டேட்டாபேஸ் பெருசாத்தான் இருக்கும். ஆனா நடக்கும்.”

“திரும்பவும் பிரச்சினை வந்தா?”

“அங்க ஒருத்தருக்கு மூச்சு வாங்குது சார். அழகு பார்க்குறதை அப்புறம் வெச்சுக்குவோம்.”

மிஸ்டர் குணா தன் கைப்பேசியை எடுத்தார். “சரி. பண்ணுங்க” என்றார். மற்ற சென்டர்களுக்கெல்லாம் அவரே போன் போட்டு, இருபது நிமிடம் எதையும் மாற்ற வேண்டாம் என்று கெஞ்சினார். டெங்கிலில் அதற்கு முன்பே எல்லாவற்றையும் மூடி வைத்திருந்தார்களாம்.

பட்டியல்தான் திறக்கவில்லை. ஒரே ஒரு நோயாளியை அவர் எண்ணைக் கொடுத்துக் கேட்டால் வந்தது. அண்ணன் சுத்தத்தை முழு வேகத்தில் ஓடவிட்டு, இன்னொரு திரையில் உட்கார்ந்தார்.

“மூச்சு வாங்குறவர்லேர்ந்து ஆரம்பிக்கச் சொல்லு.”

சிஸ்டர் பத்மா நோயாளிகளின் அட்டையைப் பார்த்து எண்ணைச் சொன்னார். நான் திருப்பிச் சொன்னேன். அண்ணன் தட்டினார். நான் திரையில் வந்ததை வாசித்தேன்: பெயர், எடை, எடுக்க வேண்டிய தண்ணீர், மருந்து அளவு, நாற்காலி. அவர் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டு எனக்கே திரும்ப வாசித்துக் காட்டினார். பெரியவருக்கு மெஷின் ஓட ஆரம்பித்த சத்தம் போனில் கேட்டது. இரண்டாவது ஆள். மூன்றாவது. எட்டாவதோ ஒன்பதாவதோ ஒருவர். பெயரை வாசித்தேன், எடையை வாசித்தேன், மருந்தை வாசித்தேன். கடைசியில் நாற்காலி எண் இருந்தது.

நான் நிறுத்திவிட்டேன். சிஸ்டர் பத்மாவுக்குத் தெரியும். அந்த மனிதரை அந்த நாற்காலிக்கு மாற்றியதே அவர்தான்.

“சொல்லும்மா” என்றார் மெதுவாக. “எழுதிக்கிறேன்.”

“ஏழு” என்றேன்.

“ஏழு” என்று திருப்பிச் சொன்னார்.

அண்ணன் தட்டுவதை நிறுத்தாமல், “அடுத்த நம்பர்” என்றார். அவர் அப்படிச் சொல்லியிருக்காவிட்டால் நான் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

பதினான்காவது ஆளை வாசித்து முடிப்பதற்குள் பட்டியல் திறந்துவிட்டது. பெரியவருக்கு மூச்சு நிதானப்பட்டு, பசிக்கிறது என்று சண்டை போட ஆரம்பித்துவிட்டதாக சிஸ்டர் சொன்னார். நான் போனை வைத்தேன். அண்ணன் துண்டைத் தேடி எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெகுநேரம் துடைத்தார்.

பதினொரு மணிக்குக் கூட்டம். கிள்ளானுக்கு எழுத்து மூலம் காரணம் சொல்ல வேண்டும். மிஸ்டர் குணா கேட்டார்: “யாரோட விண்டோ அது?”

நான் எழுந்தேன். அதற்குள் அண்ணன் பேசிவிட்டார். “யாரோடதா இருந்தா என்ன சார்? திறந்து வெக்கிறது மனுஷன் சுபாவம். பார்த்து மூட வைக்கிறதுதான் என் வேலை. பன்னெண்டு நாளா தெரிஞ்சும் நான் விட்டு வெச்சேன். அப்படியே எழுதிக்குங்க.”

அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. அத்தனை வருட வேலையில் முதல் கடிதம். நான் மிஸ்டர் குணாவின் அறைக்குப் போய், அது என் ஜன்னல் என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். “ஒன் கம்ப்யூட்டர் நம்பர் எனக்கும் தெரியும் லா. யாராவது ஒருத்தருக்குக் கடிதம் குடுத்தே ஆகணும். அவரு ஒனக்கு முன்னாடி வந்து, தன் பேரை எழுதச் சொல்லிட்டுப் போயிட்டாரு” என்றார்.

மதியம் அண்ணனைக் காணவில்லை. மோட்டாரையும் காணவில்லை. மறுநாள்தான் சிஸ்டர் பத்மா போனில் சொன்னார்.

“நேத்து மத்தியானம் யாரோ ஒரு மனுஷன் கழுத்துல துண்டோட வந்தாரும்மா. ஒவ்வொரு நாற்காலியா நின்னு, ‘காலையில லேட் ஆனதுக்கு நான்தான் காரணம், மன்னிச்சிடுங்க’ன்னு சொல்லிட்டுப் போனாரு. பதினாலு பேருகிட்டயும்.”

“ஐயோ. அவங்க என்ன சொன்னாங்க சிஸ்டர்?”

“என்ன சொல்லுவாங்க? அது ரெண்டாவது ஷிஃப்ட். அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. மன்னிச்சிட்டாங்க.”

நான் சிரித்தேன். அப்பா போன பிறகு முதல் முறையாகச் சத்தமாகச் சிரித்தேன். சிரிப்பு முடிகிற இடத்தில் அழுகை வந்துவிட்டது. சிஸ்டர் போனை வைக்காமல் காத்திருந்தார்.

சாயங்காலம் அண்ணனிடம் ஷிஃப்ட் மாறிப்போனதைச் சொன்னேன். “அப்ப காலையில உள்ளவங்க வியாழக்கிழமைதான் வருவாங்க இல்ல?” என்றார். போய்விடாதீர்கள் என்று நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

“ஏண்ணே விட்டு வெச்சீங்க?” என்று அப்போதுதான் கேட்டேன்.

“படிச்சுக்கிட்டு இருந்த” என்றார். “ஆனா நான் ஒன் பக்கம் மட்டும் பார்த்துட்டேன்மா. அந்தப் பக்கம் பதினாலு பேரு. அதை மறந்தது தப்புத்தான்.”

வியாழக்கிழமை அப்பாவின் பதினாறாம் நாள். நான் அலுவலகத்தில் யாரையும் அழைக்கவில்லை. பத்து மணிவாக்கில் கிள்ளான் வீட்டுக்கு முன்னால் ஒரு மோட்டார் வந்து நின்றது. அண்ணன், மினரல் வாட்டர் பெட்டி ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, யாரிடமும் எதுவும் கேட்காமல் உள்ளே வைத்தார். கூடாரத்துக்குக் கீழே நாற்காலிகளை விரித்துப் போட்டார். வந்தவர்களின் செருப்புகளை ஜோடி சேர்த்து வரிசையாக வைத்தார். சாப்பாடு முடிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பின்பக்கக் குழாயடியில் உட்கார்ந்து பெரிய சட்டிகளைத் தேய்க்க ஆரம்பித்தார். என் மாமா தடுத்துப் பார்த்தார். “நீங்க போய் அக்காவோட உக்காருங்க. எனக்கு உள்ள உக்காந்து பேசத் தெரியாது” என்றாராம். கடைசிச் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அம்மாவிடம் கைகூப்பி, எனக்குத் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த வேலையை விட்டு நான் செராஸில் வேறு அலுவலகத்துக்கு வந்து சில வருடங்கள் ஆகின்றன. அண்ணன் ஓய்வுபெற்று சாலாக் செலாத்தானில் தங்கை வீட்டில் இருக்கிறார். மாதத்துக்கு ஒருமுறை போன் செய்வார். சேதி ஒன்றும் இருக்காது. மழை பெய்கிறதா, அம்மாவுக்குச் சர்க்கரை எப்படி, காரில் பெட்ரோல் இருக்கிறதா என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிடுவார்.

போன மாதம் என் கைப்பேசி எண்ணை மாற்ற வேண்டி வந்தது. கடையை விட்டு வெளியே வந்ததும், வெயிலில் கார் பக்கத்திலேயே நின்றுகொண்டு, அவரிடம் பழைய வரி தங்கிவிடக் கூடாது என்று, புதிய எண்ணிலிருந்து முதல் அழைப்பை அவருக்குத்தான் போட்டேன்.